22 ஆட்டம் ஆடி முதலிடம் பிடித்தாலும் கோப்பை கிடையாது: ஈசிஏசி ஹாக்கியின் மார்ச் மாதம்

குவினிபியாக் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹாக்கி அணி 2021-லிருந்து 2025 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து தன் லீக்கான ஈசிஏசி ஹாக்கியில் முதலிடத்தில் முடித்தது. அதே ஐந்து வருஷத்தில் லீக்கின் வைட்லா கோப்பையை யார் யார் தூக்கினார்கள் என்று பார்த்தால், 2021-ல் செயின்ட் லாரன்ஸ், 2022-ல் ஹார்வர்ட், 2023-ல் கோல்கேட், 2024-லும் 2025-லும் கார்னெல். குவினிபியாக் அந்தப் பட்டியலிலேயே இல்லை. 2025 வரையிலான கணக்கில் அவர்கள் இந்தக் கோப்பையைத் தொட்டது ஒரே ஒரு தடவை, 2016-ல்.

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறவர்களுக்கு இது அநியாயமாகத்தான் தெரியும். நவம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை உயிரைக் கொடுத்து ஆடி முதலிடம் பிடித்த அணிக்கு ஒரு சின்னக் கோப்பை, மார்ச்சில் மூன்று வாரம் நன்றாக ஆடிய அணிக்குப் பெரிய கோப்பையும் தேசியப் போட்டிக்கான டிக்கெட்டும். இந்த முறை எப்படி வந்தது, ஏன் இன்னும் இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த முறை இப்படியே இருக்க வேண்டும்.

முதலில் ஆட்கள் யார் என்று பார்த்துவிடலாம். ஈசிஏசி ஹாக்கியில் பன்னிரண்டு அணிகள். பிரவுன், கார்னெல், டார்ட்மவுத், ஹார்வர்ட், பிரின்ஸ்டன், யேல் ஆகிய ஆறும் ஐவி லீக் என்ற பழம்பெரும் கூட்டணியைச் சேர்ந்த பல்கலைக்கழகங்கள். மற்ற ஆறு கிளார்க்சன், கோல்கேட், குவினிபியாக், ஆர்பிஐ (ரென்சலேர் பாலிடெக்னிக்), செயின்ட் லாரன்ஸ், யூனியன். ஐவி பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுப்பதில்லை. சீசனையும் மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான் தொடங்குகின்றன, ஆட்டங்களும் குறைவு. இன்னொரு பக்கம் கிளார்க்சன், ஆர்பிஐ, செயின்ட் லாரன்ஸ், யூனியன் நான்கும் மற்ற எல்லா விளையாட்டிலும் மூன்றாம் பிரிவில் ஆடுகிறவை, ஐஸ் ஹாக்கியில் மட்டும் முதல் பிரிவு. யூனியன் கல்லூரியில் மொத்தமே ஏறக்குறைய இரண்டாயிரத்து இருநூறு மாணவர்கள். மிச்சிகன், மினசோட்டா மாதிரி பிரம்மாண்டமான மாநிலப் பல்கலைக்கழகங்களோடு ஒரே தட்டில் உட்காருகிற கல்லூரி இது. 2014-ல் தேசிய இறுதிப்போட்டியில் மினசோட்டாவை 7-4 என்று தோற்கடித்ததும் இதே யூனியன்தான்.

இப்போது கதை 1962-க்குப் போகிறது. அன்றைக்கு ஈசிஏசி என்பது இன்றைக்கு நாம் நினைக்கிற லீக் கிடையாது. கிழக்குக் கரையிலுள்ள ஏகப்பட்ட கல்லூரிகள் தளர்வாகச் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு அது. யார் யாரோடு எத்தனை ஆட்டம் ஆடுவது என்பதில் ஒழுங்கே கிடையாது. ஒரு கல்லூரி இருபது ஆட்டம் ஆடியிருக்கும், இன்னொன்று பத்துப் பன்னிரண்டோடு நிறுத்தியிருக்கும், ஒன்று பலமான அணிகளாகத் தேடிப்பிடித்து ஆடியிருக்கும், இன்னொன்று பக்கத்து ஊர்க்காரர்களோடேயே சீசனை ஓட்டியிருக்கும். வெற்றி சதவீதத்தை வைத்துத்தான் பட்டியல் போட வேண்டும், அந்தப் பட்டியலை யாராலும் முழுசாக நம்ப முடியாது. தேசியப் போட்டியிலோ மொத்தமே நான்கு இடம், அதில் கிழக்குக்கு இரண்டு. யாரை அனுப்புவது? ஐஸில் இறக்கி மோதவிட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அப்படிப் பிறந்ததுதான் ஈசிஏசி போட்டித்தொடர். 1962-ல் பாஸ்டன் அரீனாவில் நடந்த முதல் போட்டியில் செயின்ட் லாரன்ஸ் ஜெயித்தது. 1967-லிருந்து பாஸ்டன் கார்டனுக்கு மாறியது, 1992 வரை அங்கேதான்.

அதாவது, ஆரம்பத்தில் இந்தப் போட்டி இருந்ததே பட்டியலை நம்ப முடியாததால்தான். இன்றைக்குப் பட்டியலைத் தாராளமாக நம்பலாம். பன்னிரண்டு அணிகளும் மற்ற பதினோரு அணிகளோடு தலா இரண்டு ஆட்டம், ஒன்று சொந்த ஊரில், ஒன்று வெளியூரில், ஆக 22 ஆட்டம். அட்டவணைகூட அழகானது: பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகளை ஜோடி சேர்த்திருப்பார்கள், வெள்ளிக்கிழமை கிளார்க்சனில் ஆடினால் சனிக்கிழமை பத்துப் பதினொரு மைல் தள்ளியிருக்கிற செயின்ட் லாரன்ஸில். எல்லோருக்கும் ஒரே தேர்வுத்தாள். அதில் முதல் மதிப்பெண் எடுத்தவர்களுக்கு ஹார்வர்டின் பழைய பயிற்சியாளர் பில் கிளியரியின் பெயரில் கிளியரி கோப்பை கொடுக்கிறார்கள். குவினிபியாக் அடுக்கி வைத்திருப்பது இதைத்தான்.

ஆனால் அந்தக் கோப்பையோடு தேசியப் போட்டிக்குப் போக முடியாது. இங்கேதான் கணக்கு வருகிறது. கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற என்சிஏஏ அமைப்பின் தேசியப் போட்டியில் இப்போது 16 அணிகள். நாட்டில் ஆறு ஹாக்கி கான்ஃபரன்ஸ்கள், அதாவது லீக்குகள், ஒவ்வொன்றின் மார்ச் மாதப் போட்டியில் ஜெயிக்கிற அணிக்கும் ஓர் இடம் கேள்வி கேட்காமல் உண்டு. மிச்சம் 10 இடங்களை நாடு முழுக்க உள்ள அணிகளின் சீசனைக் கணினிக் கணக்கில் போட்டுத் தரவரிசைப்படி நிரப்புகிறார்கள். குழு உட்கார்ந்து விவாதித்துப் பிடித்தவர்களைச் சேர்க்கிற கதையெல்லாம் கிடையாது, எண் வரிசைதான். இதனால் குவினிபியாக் மாதிரி பலமான அணி மார்ச்சில் தோற்றாலும் பெரும்பாலும் அந்தப் பத்தில் ஒன்றாக உள்ளே போய்விடும். 2023-ல் அப்படித்தான் நடந்தது. ஈசிஏசி அரையிறுதியில் கோல்கேட்டிடம் தோற்றார்கள், தரவரிசையால் தேசியப் போட்டிக்குள் போனார்கள், கடைசியில் மினசோட்டாவை 3-2 என்று ஓவர்டைம் தொடங்கிய பத்தே விநாடியில் முடித்து நாட்டின் சாம்பியன் ஆனார்கள். லீக் கோப்பை கோல்கேட்டிடம், தேசியக் கோப்பை குவினிபியாக்கிடம்.

சரி, கோல்கேட்டுக்கு? அவர்களுக்கு அந்தத் தரவரிசை வழி அடைத்தே கிடந்தது. 1990-க்கு அப்புறம் அவர்கள் ஜெயித்த முதல் லீக் கோப்பை அது. அதில் ஜெயித்திருக்காவிட்டால் சீசன் அன்றோடு முடிந்திருக்கும். நான் சொல்ல வருவது இதைத்தான். 1962-ல் சிறந்த அணியைக் கண்டுபிடிக்க ஆரம்பித்த போட்டி, இன்றைக்கு வேறு வேலை செய்கிறது. சிறந்த அணிகளைத் தரவரிசை பார்த்துக்கொள்கிறது. வேறு எந்த வழியும் இல்லாத அணிகளுக்கு ஒரு வழியைத் திறந்து வைப்பதுதான் இதன் வேலை. அதனால்தான் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டையும் உள்ளே விடுகிறார்கள்.

அமைப்பு சுலபம். முதல் நான்கு இடத்தில் முடித்தவர்களுக்கு முதல் சுற்றில் ஓய்வு. ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை உள்ளவர்கள், மேல் இடத்தில் இருப்பவரின் ரிங்கில் (ஐஸ் மைதானத்தில்) ஒரே ஆட்டம் ஆடி மோதிக்கொள்ள வேண்டும். 2023-க்கு முன்னால் இந்தச் சுற்றும் மூன்று ஆட்டங்களில் இரண்டு ஜெயிக்க வேண்டிய தொடராக இருந்தது. காலிறுதி இன்னமும் அப்படித்தான், வெள்ளி, சனி, தேவைப்பட்டால் ஞாயிறு, எல்லாம் ஒரே ரிங்கில். கடைசி நான்கு அணிகள் லேக் பிளாசிட் என்ற மலை ஊருக்குப் போகும். வெள்ளியன்று இரண்டு அரையிறுதி, சனியன்று இறுதி.

வழக்கமான சீசனுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஓவர்டைம். சீசனில் 60 நிமிடத்தில் சமமாக இருந்தால், பக்கத்துக்கு மூன்று பேராக ஐந்து நிமிடம் ஆடவிட்டு, அப்புறம் ஷூட்அவுட் வைத்து முடித்துவிடுவார்கள். மார்ச்சில் அந்தச் சுருக்குவழி இல்லை. பக்கத்துக்கு ஐந்து பேர், முழு இருபது நிமிடம், யார் முதலில் கோல் அடிக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். யாரும் அடிக்கவில்லையா, ஐஸைத் திரும்ப மெழுகிவிட்டு இன்னொரு இருபது நிமிடம்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு யூனியனின் மெஸ்ஸா ரிங்க் சாட்சி. 2006 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே யேலும் யூனியனும் முதல் சுற்று ஆட்டம் ஆட இறங்கினார்கள். 60 நிமிடம் முடிந்தபோது 2-2. முதல் ஓவர்டைம், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒரு ஹாக்கி வீரர் சாதாரணமாக முக்கால் நிமிடம் போல முழு வேகத்தில் ஸ்கேட் செய்துவிட்டு பெஞ்சுக்கு வந்து மூச்சு வாங்குவார். அதை நூற்று நாற்பது நிமிட ஆட்ட நேரத்துக்கு நீட்டிப் பாருங்கள். நேரம் ஆக ஆக ஐஸ் இளகும், பக் (ஆடுகிற ரப்பர் வட்டு) ஒட்டிக்கொண்டு ஓட மறுக்கும், பாஸ் பாதியில் நிற்கும், கால்கள் மரத்துப்போயிருக்கும். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல், ஐந்தாவது ஓவர்டைமில், யேலுக்குப் பெனால்டி. ஒரு ஆள் குறைவாக இருக்கிற அந்த நேரத்தில்தான் யேலின் டேவிட் மெக்லர் பக்கைப் பிடித்துக்கொண்டு போய் கோல் அடித்தார். 141 நிமிடம் 35 விநாடி. அன்றைக்கு அதுதான் கல்லூரி ஆண்கள் ஹாக்கி வரலாற்றிலேயே நீண்ட ஆட்டம். நான்கு வருஷம் கழித்து அதே யூனியன் குவினிபியாக்கோடு காலிறுதியில் 150 நிமிடம் 22 விநாடி ஆடி, இந்தத் தடவையும் தோற்றது. (2015-ல் ஹாக்கி ஈஸ்ட் லீக்கில் மாசசூசெட்ஸும் நோட்டர் டேமும் அதையும் தாண்டிவிட்டார்கள்.) எட்டாவது இடமா ஒன்பதாவது இடமா என்று யாரும் கவலைப்படாத அணிகள் ராத்திரி ஒரு மணிக்கு இப்படி ஆடுகின்றன என்றால், அந்தக் கதவு அவர்களுக்கு எவ்வளவு பெரிசு என்று புரியும்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் போட்டி தன் வீட்டைத் தேடி நிறைய அலைந்திருக்கிறது. 1984-ல் லீக் உடைந்தது. ஐவி பல்கலைக்கழகங்கள் தனியாகப் பிரிந்துபோகப் போகின்றன என்று பேச்சு அடிபட, பாஸ்டன் கல்லூரி, பாஸ்டன் பல்கலைக்கழகம், நார்த்ஈஸ்டர்ன், பிராவிடன்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் ஆகியவை முந்திக்கொண்டு வெளியேறி ஹாக்கி ஈஸ்ட் லீக்கை ஆரம்பித்தன. 1984-85 அவர்களுடைய முதல் சீசன். பாஸ்டன் பக்கத்துப் பெரிய பெயர்களில் ஹார்வர்ட் மட்டும் தங்கியது. கடைசியில் ஐவி பல்கலைக்கழகங்கள் எங்கேயும் போகவில்லை. ஆனால் பாஸ்டன் கார்டனை நிரப்பக்கூடிய உள்ளூர்க் கூட்டத்தில் பெரும் பகுதி போய்விட்டது. 1993-ல் போட்டி லேக் பிளாசிட் வந்தது. 2003-ல் ஆல்பனி. 2011-லிருந்து மூன்று வருஷம் அட்லாண்டிக் சிட்டி, கடற்கரையோரம் சூதாட்ட விடுதிகளுக்கு நடுவில். எந்த உறுப்புக் கல்லூரிக்கும் பக்கத்தில் இல்லாத ஊர் அது. 2014-ல் திரும்பவும் லேக் பிளாசிட்.

லேக் பிளாசிட் நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் மலைகளுக்குள் இருக்கிற ஒரு கிராமம், மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். 1932-லும் 1980-லும் குளிர்கால ஒலிம்பிக் நடத்திய ஊர். மெயின் ஸ்ட்ரீட்டில் நடந்தால் ஒரு பக்கம் மிரர் ஏரி, மார்ச்சிலும் உறைந்துதான் கிடக்கும். கொஞ்சம் ஏறினால் உயர்நிலைப் பள்ளிக்கு முன்னால் ஸ்பீட் ஸ்கேட்டிங் ஓவல், 1980-ல் எரிக் ஹைடன் ஐந்து தங்கம் ஜெயித்தது அதில்தான். அதை ஒட்டி அரீனா. அந்த அரீனாவில்தான் 1980 பிப்ரவரி 22 அன்று அமெரிக்கக் கல்லூரிப் பையன்களின் அணி சோவியத் யூனியனை 4-3 என்று தோற்கடித்தது. அந்த அணியின் பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸின் பெயரைத்தான் அரீனா இப்போது தாங்கி நிற்கிறது. யாரும் எதிர்பார்க்காத அணிக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கிற போட்டிக்கு இதைவிடப் பொருத்தமான ரிங்க் எங்கே இருக்கிறது? கிளார்க்சன், செயின்ட் லாரன்ஸ் ரசிகர்கள் காரில் வந்துவிடலாம். தங்கள் ஊரான இத்தாக்காவிலிருந்து கார்னெல் கூட்டம் சிவப்புச் சட்டையோடு பஸ் பஸ்ஸாக வரும். எதிரணியை அறிமுகப்படுத்தும்போது செய்தித்தாளை விரித்துப் படிக்கிறவர்கள், ஹார்வர்ட் தங்கள் ஊருக்கு வந்தால் ஐஸில் மீனை வீசுகிறவர்கள் இவர்கள். நகரத்துப் பெரிய அரங்கத்தில் பாதி நாற்காலி காலியாகத் தெரிகிற கூட்டம், இந்த ஊரில் தெருவையே நிரப்பிவிடும்.

இந்த ஊருக்கும் கார்னெலுக்கும் பழைய உறவும் உண்டு. 1970-ல் நெட் ஹார்க்னஸ் பயிற்சியில் கார்னெல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், சமன்கூடச் செய்யாமல் 29-0 என்று சீசனை முடித்தது. அப்படி முடித்த ஒரே தேசிய சாம்பியன் இன்றுவரை அவர்கள்தான். அந்தச் சாதனை கிட்டத்தட்ட உடைந்திருக்க வேண்டிய இடம் ஈசிஏசி இறுதிப்போட்டி: பாஸ்டனில் கிளார்க்சனோடு 2-2, கடைசி 14 விநாடி இருக்கும்போது ஜான் ஹியூஸ் அடித்த கோலால் பிழைத்தார்கள். ஒரு வாரம் கழித்து தேசிய இறுதியில் அதே கிளார்க்சனை 6-4 என்று ஜெயித்தார்கள், அது நடந்தது லேக் பிளாசிடில், 1932 ஒலிம்பிக்குக்குக் கட்டிய பழைய ரிங்கில்.

இந்த முறைக்கு எதிரான வாதத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஒரு கதவு திறந்தால் இன்னொரு கதவு சாத்தப்படுகிறது என்பது நிஜம். தரவரிசையில் பின்னால் இருக்கிற அணி ஒரு கான்ஃபரன்ஸ் கோப்பையை ஜெயித்தால், தரவரிசை வழியாக உள்ளே வரவேண்டிய கடைசி அணி வெளியே போகும். 2013-ல் யேல் அந்த விளிம்பில்தான் நின்றது. ஈசிஏசி அரையிறுதியில் யூனியனிடம் 5-0 என்று தோல்வி, மறுநாள் மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் குவினிபியாக்கிடம் 3-0 என்று தோல்வி. இனி தங்கள் கையில் எதுவும் இல்லை. வேறொரு லீக்கின் இறுதிப்போட்டியில் மிச்சிகன் ஜெயித்தால் யேலுக்கு இடமில்லை. மிச்சிகன் நோட்டர் டேமிடம் தோற்றது, 22 வருஷம் தொடர்ந்து தேசியப் போட்டிக்குப் போன அவர்களுடைய வரிசையும் அன்றோடு அறுந்தது. அந்த இடைவெளியில் உள்ளே போன யேல், மினசோட்டா, நார்த் டகோட்டா, மாசசூசெட்ஸ் லோவெல் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, பிட்ஸ்பர்க்கில் நடந்த இறுதியில், அந்த சீசனில் மூன்று தடவை தங்களைத் தோற்கடித்திருந்த, சில மைல் தள்ளியிருக்கிற குவினிபியாக்கையே 4-0 என்று வீழ்த்தியது. மிச்சிகன் ஜெயித்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது. அதை நினைத்தால் மனசு கொஞ்சம் கலங்கத்தான் செய்கிறது. ஆனாலும் யேலுக்கு லேக் பிளாசிட் மாதிரி ஒரு மார்ச் வார இறுதி கிடைத்தது, ஜெயிக்கவில்லை. வாய்ப்பே தராமல் சாத்தின கதவு இல்லை அது.

2021-ல் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கொரோனாவால் அந்த வருஷம் கிளார்க்சன், கோல்கேட், குவினிபியாக், செயின்ட் லாரன்ஸ் ஆகிய நான்கு அணிகள்தான் ஆடின. இறுதியில் செயின்ட் லாரன்ஸ் குவினிபியாக்கை ஓவர்டைமில் 3-2 என்று ஜெயித்தது. தரவரிசை வழியாக உள்ளே போக முடியாத அணி, தன் ஒரே கதவைத் தட்டித் திறந்துவிட்டது. மறுநாளே அவர்களுடைய பயிற்சியாளருக்குத் தொற்று உறுதியாகி, அணி தேசியப் போட்டியிலிருந்து விலக வேண்டியதாகிவிட்டது. லீக்கின் இடம் குவினிபியாக்குக்குப் போனது. அதற்கு முந்தைய வருஷமும் கொடுமைதான்: 2020-ல் கார்னெல் 23 வெற்றி, 2 தோல்வி, 4 சமன் என்று நாட்டின் முதல் இடத்தில் இருந்தது, காலிறுதிக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது எல்லாமே ரத்து.

அந்தக் கார்னெல் அணியின் பயிற்சியாளர் மைக் ஷேஃபர். வீரராக 1986-ல் இதே கோப்பையை ஜெயித்தவர், 1995-ல் பயிற்சியாளராக வந்த உடனே 1996, 1997 என்று இரண்டு வருஷமும் ஜெயிக்க வைத்தவர். 2024-25 தான் தன் முப்பதாவது, கடைசி சீசன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த சீசன் காயங்களால் சீரழிந்து, கார்னெல் ஆறாவது இடத்தில் முடித்தது. தரவரிசையில் எட்டாத தூரம். முதல் சுற்றிலிருந்தே ஆட வேண்டும், எந்தச் சுற்றில் வெளியேறினாலும் அதுவே ஷேஃபரின் கடைசி ஆட்டமாகிவிடும். அவர்கள் லேக் பிளாசிட் வந்தார்கள், அரையிறுதியில் முதலிடத்தில் இருந்த குவினிபியாக்கை ஓவர்டைமில் வென்றார்கள், இறுதியில் கிளார்க்சனை 3-1 என்று வென்றார்கள். இதில் இன்னொரு முடிச்சு: ஷேஃபருக்கு அடுத்து பொறுப்பேற்கக் காத்திருந்த கேசி ஜோன்ஸ் முந்தைய சீசன் வரை பல வருஷம் கிளார்க்சனின் பயிற்சியாளர். 2019-ல் இதே ஊரில் கார்னெலை ஓவர்டைமில் தோற்கடித்துக் கோப்பையை எடுத்துப் போனவர் அவர்தான். அரையிறுதியில் தோற்ற குவினிபியாக் தரவரிசையால் தேசியப் போட்டிக்குப் போனது, இறுதிவரை வந்த கிளார்க்சன் வீட்டுக்குப் போனது.

கார்னெல் தேசியப் போட்டிக்காக டொலீடோவுக்குப் போய், பிக் டென் லீக்கின் சாம்பியனான மிச்சிகன் ஸ்டேட்டைக் கடைசி விநாடிகளில் 4-3 என்று வீழ்த்தியது. அடுத்த ஆட்டத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் ஓவர்டைமில் 3-2 என்று தோற்றது. ஷேஃபரின் கடைசி ஆட்டம் அதுதான், மார்ச் 29. லேக் பிளாசிடில் குவினிபியாக்கிடம் தோற்றிருந்தால் அது மார்ச் 21-ஆக இருந்திருக்கும்.